அக்கா எழுதிய இரண்டு கடிதங்கள்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவடைகிற இந்நாளில், ஜெபக்கூடத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவின்முறையாருக்கும், சபையாருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்காவின் பால்வாடியில் அரிச்சுவடி படித்து இன்று கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கும், அவருடைய ஒரே தங்கையின் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

கட்டுரை எழுதச் சொன்ன சபை வாலிபர்கள், "கொஞ்சம் மரியாதையா எழுதுங்க டீச்சர்" என்று ஒன்றுக்கு மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வாய் நீளம் என்பது வாலாஜாபாத் வரைக்கும் தெரிந்த விஷயம். முடிந்த மட்டும் அடக்கித்தான் எழுதுகிறேன். ஆனால் அக்காவின் வாழ்க்கையை எழுதவேண்டுமானால் எங்கள் சபை செய்த ஒரு தவற்றையும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டு அன்பே உருவானவர், பொறுமையே வடிவானவர் என்று நாலு பக்கம் எழுதினால் அது அக்காவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

அக்கா பிறந்தது ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே உள்ள இதே ஊரில், சாலையோரக் கூரை வீட்டில். எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போன இடத்தில் இயேசுவை ஏற்று இரட்சிக்கப்பட்டவர். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார் என்ற செய்தியை அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மறுபடி சுரங்கத்துக்குப் போனவர் அங்கேயே நித்திரையடைந்தார். அந்தக் காத்திருப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பா அரசாங்கச் சாலையில் மேஸ்திரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சாலையில் அவர் ஜல்லி கொட்டாத இடம் இல்லை. பதினொரு குடும்பங்களைச் சேர்த்து இந்த ஜெபக்கூடத்தைத் தொடங்கியவரும் அவரே. அம்மா என்னைப் பெற்ற சில வருடங்களில், பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனதால், என்னைத் தலைவாரிப் பின்னி வளர்த்ததெல்லாம் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காதான்.

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் "வருகை தாமதிச்சா" என்றுதான் ஆரம்பிக்கும். வருகை என்றால் ஆண்டவரின் இரண்டாம் வருகை. அது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், ஆகையால் அது தாமதமானால்தான் மற்ற காரியமெல்லாம். "மேஸ்திரி, நாளைக்கு வேலைக்கு வருவியா?" என்று ஓவர்சியர் கேட்டால், "வருகை தாமதிச்சா வரேன் சார்" என்பார் அப்பா. கூரைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குகிற மாதிரி ஓலை போட மாட்டார். மழைக்காலத்தில் நாங்கள் பாத்திரம் வைத்து ஒழுக்கு பிடித்துக்கொண்டிருப்போம். வல்லக்கோட்டைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்பார்கள். அப்பா மொண்டு கொடுப்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே, "இன்னா மேஸ்திரி, இன்னுமா உங்க சாமி வரல?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவும் சிரிப்பார். அதில் யாருக்கும் மனவருத்தம் இருந்ததில்லை.

வருகைக்காக அக்கா விழித்திருந்தது வேறு மாதிரி. இரவல் வாங்கிய எதையும் அன்று சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார். "வருகையில அடுத்தவங்க சொம்பு நம்ம வூட்ல இருக்கக்கூடாதுடி" என்பார். "ஆண்டவரு மேகத்துல வந்துகினு சொம்பையா தேடுவாரு?" என்று நான் கேட்டு ஒருமுறை தலையில் நன்றாகக் குட்டு வாங்கினேன். சண்டையும் அப்படித்தான். யாரோடு மனஸ்தாபம் வந்தாலும் பொழுது சாய்வதற்குள் போய்ப் பேசிவிடுவார். நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற ஆள். என்னோடு குடும்பம் நடத்த அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஐம்பதுகளின் நடுவில், ஊருக்கு ஊர் இடுகாடு சுடுகாடு தகராறுகளைத் தீர்த்துவிட வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. தலைவர் நல்ல மனிதர். அவராகவே எங்கள் ஜெபக்கூடத்துக்கு வந்தார். "மேஸ்திரி, உங்க சபைக்குன்னு புறம்போக்குல ஒரு இருபது சென்ட் எழுதிக்கலாமா? எல்லாருக்கும் ஒதுக்கறாங்க" என்றார். அப்பா சிரித்தார். பெருமையோடு சிரித்த சிரிப்பு அது. "எங்களுக்கு இன்னாத்துக்குங்க? நாங்க சாவப் போறதில்ல. உசிரோட மேல எடுத்துக்கொள்ளப்படப் போறவங்க" என்றார். சபை தொடங்கி ஏழெட்டு வருஷமாகியும் அதுவரை ஊரில் எங்கள் சபையார் ஒருவரும் இறக்கவில்லை. அதையே ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப அதையே எழுத்துல குடுத்துடுங்க, நாளைக்கி என்ன ஒருத்தரும் கேக்கக்கூடாது" என்றார்.

எங்கள் சபையிலேயே முத்து முத்தாக எழுதுகிறவர் அக்கா. எட்டாவது வரை படித்தவர். அப்பா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தாங்கள் மறுரூபமாக்கப்பட்டு உயர எடுத்துக்கொள்ளப்படுகிற ஜனமானபடியால் தங்களுக்கு இடுகாடு தேவையில்லை என்று பதினொரு குடும்பத்தாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, "அல்லேலூயா" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடிதத்தின் அடியில், எழுதியவர் என்று அக்கா தம்முடைய பெயரையும் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போய், "நாங்கெல்லாம் சாவ மாட்டோமே" என்று அளந்துவிட்டு வந்தேன்.

அறுபதுகளில் ஒரு கோடையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காலை எட்டு மணி இருக்கும். சபையார் எல்லோரும் கூடிவிட்டார்கள், பாட்டும் ஜெபமும் நடந்தது. பிறகு அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தது. ஊர்ச் சுடுகாட்டில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மூலை. அதில் எந்த மூலையும் எங்களுடையதல்ல. டவுனில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினோம். அவர்கள் வேறு சபை. "எங்க அங்கத்தினர் இல்லாதவங்கள வெக்கிறதில்லைங்க" என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், எங்கள் கடிதத்தையே சொல்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. அப்பா ஜெபக்கூடத்தின் வாசலில் கிடக்கிறார். ஊருக்கே சாலை போட்ட மனிதருக்கு ஆறடி இல்லை. அன்றைக்கு நான் அழுததைவிட ஆத்திரப்பட்டதுதான் அதிகம். ஆண்டவர்மேல் இல்லை, எங்கள் ஆட்கள்மேல்.

அப்போதுதான் அடுத்த கொல்லைக்காரர் கன்னியப்பன் அண்ணன் வந்தார். வருஷா வருஷம் வல்லக்கோட்டைக்குக் காவடி எடுக்கிறவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்காவிடம் வந்து, "இன்னா தங்கச்சி, இப்பிடியே நின்னுகினு கீற? நம்ம கொல்லை ஓரத்துல, கால்வாயாண்ட வெச்சிடு" என்றார்.

"உங்க நெலம் அண்ணே..." என்று அக்கா இழுத்தார்.

"எழுந்து போற வரைக்கும்தான படுத்துனு இருக்கப் போறாரு? இருந்துட்டுப் போட்டும்" என்றார் அண்ணன்.

கேலியாகச் சொல்லவில்லை. வருகையில் இறந்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று நாங்கள் நம்புவதை நம்பாத ஒருவர், எங்களுக்காக அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசினார். மண்வெட்டியை அவரே முதலில் எடுத்தார். வருகை கிழக்கிலிருந்து என்பதால் அப்பாவைக் கிழக்கே பார்க்க வைத்துவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம் அக்கா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது முறத்தை அப்படியே வைத்துவிட்டு, "அப்பா வாயாலதான் சொன்னாரு. எழுதுனது என் கையிடி. என் கையால எழுதி அப்பாவைத் தெருவுல போட்டுட்டேன்" என்று உடைந்து அழுதார். நான் பார்க்க அக்கா அழுதது அது ஒன்றுதான். அன்று தொடங்கியது அவருடைய போராட்டம்.

அக்காவுக்குப் பால்வாடியில் வேலை கிடைத்தது. ஊர்க் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, நகம் வெட்டி, பாட்டு சொல்லிக் கொடுத்துக் கழித்த வருஷங்கள் அவை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு எனக்கு மட்டும் வாலாஜாபாத்தில் நல்ல இடமாகப் பார்த்துச் செய்து வைத்தார். லீவு கிடைத்த நாளெல்லாம் இடுகாடு கேட்டுக் குடையும் மனுவுமாக ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்குப் போய்விடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். குமாஸ்தா பழைய கட்டைப் பிரித்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். மஞ்சளாகிப் போன அதே கடிதம்.

"உங்க ஆளுங்களே வேணாம்னு எழுதிக் குடுத்துக்கீறாங்களேம்மா. இது யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"நீங்களே வேணாம்னு எழுதிட்டு, இப்ப இன்னாத்துக்கு வந்து கேக்கறீங்க?"

"வருகை தாமதிக்குது சார்" என்றார் அக்கா.

குமாஸ்தா எங்களைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் வழி சொன்னார். அன்று கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் அத்தனையும் சேர்ந்து, இப்போது வேண்டும் என்று புதிதாக எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார்.

அங்கேதான் சிக்கல். அப்பாவுக்குப் பிறகு சபைக்கு மூப்பராக வந்தவர் சித்தப்பா. அக்கா கேட்டதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இடுகாடு கேக்கறது இன்னா அர்த்தம்? வர மாட்டாருன்னு நாமளே கவர்மெண்டுக்கு எழுதிக் குடுக்கறதாவது? உங்க அப்பன் விசுவாசத்த நீ விக்கப் பாக்கற" என்று சபை நடுவிலேயே சொன்னார். அக்காவும் விடவில்லை. "பஸ்ஸுக்குக் காத்துனு இருக்கறவங்களுக்கே நிக்க ஒரு எடம் கீது சித்தப்பா. நம்ம ஆளுங்க எங்க காத்துனு இருப்பாங்க?" என்று கேட்டார். எதிர்த்துப் பேசினார் என்று அக்காவை ஆறு மாதம் திருவிருந்தான அப்பம் பிட்கிற பந்தியிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஞாயிறு தவறாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, அப்பத் தட்டு தம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு வருவார். "வேற சபைக்குப் போலாம் வா, இவங்க மூஞ்சியில முழிக்க வேணாம்" என்று நான் குதித்தேன். "இது அப்பா சபைடி. நான் எங்க போவேன்?" என்றார். சித்தப்பாவைப் பற்றி அன்று நான் பேசிய பேச்சை இந்த மலரில் அச்சடிக்க முடியாது.

இப்படியே வருஷங்கள் ஓடின. சபையில் இன்னும் மூன்று பேர் நித்திரையடைந்தார்கள். மூவரையும் கன்னியப்பன் அண்ணன் கொல்லை ஓரத்திலேயே அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். இரவல் சொம்பைக்கூட வைத்துக்கொள்ளாத அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கம்பெனிகள் நிலம் வாங்க வந்தன. கன்னியப்பன் அண்ணனின் பிள்ளைகள் கொல்லையை விற்கத் தீர்மானித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஏரித் தண்ணீர் வராத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? டேப் பிடித்து அளக்க வந்த சூப்பர்வைசரிடம் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு, "அந்த ஓரத்த வுட்டுட்டு அளங்க" என்றாராம்.

"ஏன், அங்க இன்னா கீது?"

"எங்க மேஸ்திரி படுத்துனு கீறாரு. அந்தப் பத்து சென்ட் அவுங்க சபைக்கு. அத்த வுட்டாத்தான் நான் கையெழுத்து போடுவேன்."

பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்களும் முறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது இடுகாடு என்று அரசாங்க உத்தரவு வேண்டும், மழைக்கு முன்னால் மதில் சுவர் எழும்பிவிடும், அதற்குள் உத்தரவு வராவிட்டால் அந்த ஓரமும் சுவருக்கு உள்ளே போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் மற்ற மூன்று பேரும் ஏதோ ஒரு ஷெட்டுக்குக் கீழே போய்விடுவார்கள். அக்காவின் கையில் இருந்தது இரண்டே மாதம். குமாஸ்தா கேட்ட கடிதம் இல்லாமல் உத்தரவு இல்லை, சித்தப்பாவின் கையெழுத்து இல்லாமல் கடிதம் இல்லை.

அந்தச் சமயத்தில் சித்தப்பா தம் கடைசி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அழைப்பிதழ் கொடுக்க அக்காவின் வீட்டுக்கு வந்தார். பேச்சுவார்த்தை குறைவுதான் என்றாலும் முறையை விட மாட்டார். நானும் அன்று அங்கேதான் இருந்தேன். அக்கா அழைப்பிதழைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். எங்கள் வழக்கப்படி முதல் வரியிலேயே, கர்த்தருடைய வருகை தாமதித்தால் இன்ன தேதியில் திருமணம் என்று அச்சடித்திருந்தது. அக்கா அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

"சித்தப்பா, வருகை தாமதிச்சா கல்யாணம் வெக்கலாம். பந்தல் போடலாம், பந்தி போடலாம். தங்கச்சிக்கு ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கலாம். ஒரு குழி மட்டும் வெட்டக்கூடாதா?"

நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா கண்ணாலேயே அடக்கினார். சித்தப்பா அழைப்பிதழைத் திரும்ப வாங்கி அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு, "அந்த வார்த்தையோட எழுதுவியா?" என்று கேட்டார்.

"அந்த வார்த்தையோடதான் எழுதுவேன்."

"அப்ப எழுது. போடறேன்."

அதே முத்து முத்தான கையெழுத்து. கர்த்தருடைய வருகை தாமதித்தால், மேற்படி பத்து சென்ட் நிலத்தை எங்கள் சபையாரின் இடுகாடாகப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டுகிறோம் என்று எழுதினார். சித்தப்பா முதல் கையெழுத்தைப் போட்டார். பழைய பதினொரு குடும்பங்களில் இரண்டு பெரம்பூருக்குக் குடிபோயிருந்தன. அக்கா பஸ் ஏறிப் போய் அவர்களிடமும் வாங்கி வந்தார்.

தாலுகா ஆபீசில் இப்போது வேறு அதிகாரி. மனுவை இரண்டு தடவை படித்தார். "இந்த நிபந்தனைய வெச்சிக்கிட்டு நான் எப்படிம்மா ஆர்டர் போடறது? தாமதிக்கலேன்னா?" என்றார்.

"தாமதிக்கலேன்னா நெலத்த நீங்களே வெச்சிக்குங்க சார். எங்களுக்குத் தேவப்படாது" என்றார் அக்கா.

அந்த அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். மழைக்கு ஒரு வாரம் முன்னால் உத்தரவு வந்தது. கம்பெனி மதில் எங்கள் பத்து சென்டைச் சுற்றி வளைந்து போவதை இன்றைக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கலாம்.

அடுத்த சில வருஷங்கள் அக்கா நிம்மதியாக இருந்தார். பிறகு வயிற்றில் வந்த வியாதி அவரைப் படுக்கையில் தள்ளியது. கடைசி மாதங்களில் என் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "தாத்தா காத்துனு இருந்தாரு, அப்பா காத்துனு இருந்தாரு, நீயும் காத்துனு இருந்த. யாரும் பாக்கலியே. உனக்கு ஏமாத்தமா இல்லியாக்கா?"

அக்கா சிரித்தார். "ஒருத்தர் வரார்னு வூட்டக் கூட்டி வெக்கிறோம். அன்னிக்கு வரல. வூடு சுத்தமாதான கீது? மறுநாளும் கூட்டி வெப்போம். எனக்கு ஒரு நாளும் குப்பையில இருந்த மாதிரி இல்லடி" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரு வந்துடுவாரு. நீ ஆரோடவும் சண்ட வெச்சிக்கினு இருக்காத" என்றார். சித்தப்பாமேல் எனக்கிருந்த கோபத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, வலி எதுவும் இல்லாமல் அக்கா நித்திரையடைந்தார். அவர் இல்லாத வீட்டில் இன்னும் எனக்குக் கஞ்சி அளவு சரியாக வருவதில்லை. என்னையும் அறியாமல் கூடுதலாகப் போட்டுவிடுகிறேன்.

அந்நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கு இங்கே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸம்மாவுக்கு, ஊர்வலம் கடக்கும் வரை கம்பெனி பஸ்களை நிறுத்தி வைத்த வாட்ச்மேன்களுக்கு, கம்பெனி ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து பெட்டி தூக்கிய பால்வாடிப் பிள்ளைகளுக்கு, நடக்க முடியாத நிலையிலும் மாட்டுவண்டியில் வந்து முதல் பிடி மண் போட்ட கன்னியப்பன் அண்ணனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

கடைசியாகச் சித்தப்பாவுக்கு. எண்பதைத் தாண்டிய அவர்தான் அக்காவின் அடக்க ஆராதனையை நடத்தினார். ஜெபம் முடிந்து எல்லோரும் திரும்பத் தொடங்கிய பிறகும் அவர் நகரவில்லை. கைத்தடியால் அக்காவின் குழிக்கு வலப்பக்கத்தில் தரையைத் தட்டி, "இந்த எடத்த எனக்கு வுட்டு வையுங்க" என்றார்.

எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் சித்தப்பா, அங்க அப்பா பக்கத்துல எடம் கீதே?" என்றேன்.

"அண்ணனாண்ட எனக்குப் பேச்சு ஒண்ணும் பாக்கி இல்லம்மா. இவளாண்டதான் மன்னிப்பு கேக்காம வுட்டுட்டேன். எழுந்த ஒடனே பக்கத்துல இருந்தாத்தான, வேற ஆரும் பிடிச்சிக்கறதுக்கு முன்னால கேக்க முடியும்" என்றார்.

அந்த வலப்பக்கம் அவருக்காக விடப்பட்டிருக்கிறது. நான் அன்றே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அவரை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.